மலிவு விலை வைஃபை ஸ்விச்சுகள்: அங்கத்தினர்கள் யோசிக்க வேண்டியவை

கைபேசியைத் தொட்டே வீட்டு விளக்கை ஏற்றவும் அணைக்கவும் உதவும் வைஃபை ஸ்விச்சுகள் இன்று ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பெருநகரத்துப் பங்களாக்களுக்கே உரியதாயிருந்த இவ்வசதி, குண்டடம் வட்டாரத்து நெசவாளர் வீடுகளையும் தோட்டத்துச் சாளைகளையும் எட்டிவிட்டது. சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுமிடங்களில், கணக்குப் புத்தகங்களை மூடிவைத்துத் தேநீர் அருந்தும் வேளையில், நிர்வாகக் குழுவினர் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். இந்த ஸ்விச்சு நல்லதுதானா? நல்லதாயின், சங்கத்தின் மூலமாகவே மொத்தமாக வாங்கி அங்கத்தினர்களுக்குக் கொடுக்கலாமா?

நான் மின்துறை வல்லுநன் அல்லேன். ஆயினும் என் வீட்டில் இவற்றுள் நான்கைப் பொருத்தி இரண்டாண்டுகள் உபயோகித்து வருகிறேன். பலருடைய அனுபவங்களையும் கேட்டறிந்திருக்கிறேன். கீழே காணும் கருத்துக்கள் என் சொந்த அபிப்பிராயங்களேயன்றி இலாகாவின் கருத்துக்கள் அல்ல என்பதை அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

இஃது ஆடம்பரம் என்று ஒரேயடியாக ஒதுக்குவோர் உண்டு. எழுந்து சென்று விளக்கை அணைக்கச் சோம்பலா என்று பெரியவர்கள் கேட்கின்றனர். நகரத்துச் சிறு வீட்டைப் பொறுத்தவரை அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் நம் பக்கத்துத் தோட்டத்து வீட்டின் நிலைமை வேறு. சாளை ஓரிடம், கட்டுத்தரை ஓரிடம், கிணற்றுமேடு இன்னோரிடம். இரவு இரண்டு மணிக்கு மாடு கத்தினால், இருட்டில் நடந்துபோய்க் கட்டுத்தரைச் சுவரில் ஸ்விச்சைத் தடவித் தேட வேண்டியிருக்கிறது. சோளத்தட்டுப் போரின் ஓரத்தில் என்ன சுருண்டு கிடக்கும் என்பது விவசாயிக்குத் தெரியும். கட்டிலிலிருந்தபடியே கட்டுத்தரை விளக்கை ஏற்றிவிட்டுப் பிறகு காலைக் கீழே வைப்பதை ஆடம்பரம் என்று எவ்வாறு சொல்வது? பாம்புக்கடியால் ஒருவரை இழந்த குடும்பம் அவ்வாறு சொல்லாது.

இன்னொன்றையும் கூற வேண்டும். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலைக்கமர்ந்து அங்கேயே குடியேறிவிட, வயது முதிர்ந்த தாய் தந்தையர் மட்டும் தோட்டத்தில் தங்கியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. முட்டிவலியுள்ள தாயாருக்கு வாசல் விளக்கும் கழிப்பறை விளக்கும் மாலை ஆறரை மணிக்குத் தாமே எரிந்தால் அது பேருதவி. விசேஷத்திற்காக இரண்டு நாள் ஊருக்குச் செல்வோர், ஆளில்லாத வீடு இருண்டு கிடக்காமல் பார்த்துக்கொள்ளவும் இது உதவுகிறது. ஆகவே முதற் கேள்விக்கு என் விடை, நல்லதே என்பதாகும். ஆனால் எந்த வேலைக்கு நல்லது, எந்த வகை ஸ்விச்சு நல்லது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

மின் கட்டணம் குறையும் என்று விற்பனையாளர் சொல்வதை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். நம் கணக்கு இரண்டு மாதக் கணக்கு. அதன்படியே போட்டுப் பார்ப்போம். வைஃபை ஸ்விச்சு தானும் சிறிது மின்சாரம் உண்ணும். விளக்கு அணைந்திருந்தாலும் அது விழித்திருந்து கட்டளைக்குக் காத்திருக்க வேண்டுமல்லவா? ஒன்றுக்கு ஒரு வாட் என்று வைத்தால், அறுபது நாளில் 1.44 யூனிட். பத்து ஸ்விச்சு பொருத்தியவருக்கு 14.4 யூனிட் சும்மா போகிறது. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கொன்றை இரவுதோறும் ஆறு மணி நேரம் வீணாக எரியவிட்டாலும் அறுபது நாளில் 3.24 யூனிட்தான். அந்த விளக்குக்கு ஒரு வைஃபை ஸ்விச்சு போட்டுச் சிக்கனம் பண்ணுவது எவ்வளவு என்பதை அங்கத்தினர்களே கணித்துக்கொள்ளலாம். மறந்துவிட்டுப் போன வெந்நீர்க் கொதிகலனை அணைப்பதில்தான் உண்மையான மிச்சம் உண்டு. இரண்டாயிரம் வாட் கொதிகலன் ஒரு மணி நேரம் எரிந்தாலே இரண்டு யூனிட். வெறும் சிக்கனமே நோக்கமாயின், எழுபத்தைந்து வாட் பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு முப்பது வாட்டில் ஓடும் புதுவகை விசிறி மாட்டுவது மேல். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகிறது. வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடுவதால், எல்லையோரத்தில் நிற்கும் குடும்பங்களுக்கு இது சிறிய தொகையன்று. 2023-ஆம் ஆண்டில் கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதத்திற்கான இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300-ஆகவும், விசைத்தறிக்கு 750-லிருந்து 1000-ஆகவும் உயர்த்தப்பட்டது. அந்த எல்லைக்குள் நிற்க விரும்பும் நெசவாளர்க்கும் ஒவ்வொரு யூனிட்டும் கணக்குத்தான். ஸ்விச்சு வாங்குவது சௌகரியத்திற்கும் பாதுகாப்புக்குமாக இருக்கட்டும். சிக்கனத்திற்கு வேறு வழிகள் உள்ளன.

இனி ஸ்விச்சின் உட்புறத்தைச் சிறிது பார்ப்போம். தீப்பெட்டி இரண்டை ஒட்டிவைத்த அளவுள்ள அப்பெட்டிக்குள் மூன்றே உறுப்புக்கள். வீட்டு மின்சாரத்தைச் சில வோல்ட்டாகக் குறைக்கும் பகுதி ஒன்று. வைஃபை அலைகளைக் கேட்டு முடிவெடுக்கும் சில்லு ஒன்று. அச்சில்லின் ஆணைப்படி 'டக்' என்ற ஒலியோடு மின்பாதையை மூடியும் திறந்தும் வைக்கும் ரிலே ஒன்று. இவை மலிவானதற்குக் காரணம் நடுவிலுள்ள சில்லே. 2014-ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் கம்பெனி 'ஈ.எஸ்.பி. 8266' என்ற சில்லை மிகக் குறைந்த விலைக்கு வெளியிட்டது. அதைக் கொண்டு ஷென்ஜென் நகரத்தார் செய்து விற்ற 'சோனாஃப்' போன்ற ஸ்விச்சுகள் உலகெங்கும் பரவின. இன்று வெவ்வேறு பெயர்களில் நம் கடைகளில் விற்கும் பலவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவற்றுள் பெரும்பாலானவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை அறிந்தால் அங்கத்தினர்கள் வியப்படைவர். சாளைத் திண்ணையில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருக்கும் விளக்கை ஏற்றக் கைபேசியைத் தொடுகிறோம். அக்கட்டளை விளக்குக்கு நேரே செல்வதில்லை. இண்டர்நெட் வழியாக எங்கோ ஓர் ஊரிலுள்ள, பெரும்பாலும் அயல்நாட்டிலுள்ள, கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அக்கம்ப்யூட்டர் நம் கணக்கைச் சரிபார்த்து, அதே கட்டளையை நம் வீட்டுக்குத் திருப்பியனுப்புகிறது. அதன் பிறகே ரிலே 'டக்' என்கிறது. இரண்டு முழம் தூரத்திலுள்ள விளக்குக்குக் கடல் கடந்து அனுமதி வாங்கி வருகிறோம்! எல்லாம் ஒரு விநாடிக்குள் நடந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. மழைக்காற்றில் இண்டர்நெட் துண்டாகும் அன்று தெரியும்.

இதைவிடக் கவலைக்குரியது, அந்தக் கம்பெனியே கடையைக் கட்டினால் என்ன ஆகும் என்பது. இது வெறும் கற்பனை பயமன்று. அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி முந்நூறு டாலருக்கு விற்கப்பட்டது. அக்கம்பெனியைப் பெரிய ஸ்தாபனம் ஒன்று 2014-இல் வாங்கி, 2016 மே மாதத்தில் அதன் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டது. கருவிகள் பழுதாகவில்லை, ஆனாலும் ஒரே நாளில் பயனற்றவையாயின. 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியான்' என்ற கம்பெனியின் சேவை முன்னறிவிப்பின்றி நின்றது. பின்னர் அதன் வாடிக்கையாளர் சிலரே கூடி வாங்கி மீண்டும் நடத்த வேண்டியதாயிற்று. 'பெல்கின்' என்ற பழம்பெரும் கம்பெனி, தன் 'வீமோ' ஸ்விச்சுகளுட் பெரும்பாலானவற்றுக்கான சேவையை 2026 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்துவதாக 2025-இல் அறிவித்தது. பெரிய கம்பெனிகளின் விலையுயர்ந்த சரக்குக்கே இந்தக் கதியாயின், பெயர் விளங்காத கம்பெனியின் மலிவுச் சரக்கு எத்தனை நாளைக்கு என்று சங்கம் கேட்காமல் இருக்கலாகாது.

ஆகவே ஸ்விச்சு வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும் என்பது என் துணிபு: இண்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டாலும் இந்த ஸ்விச்சு என் வீட்டுக் கைபேசிக்குக் கீழ்ப்படியுமா? கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். வீட்டு வைஃபைப் பெட்டி இயங்கிக்கொண்டிருக்க, வெளியே செல்லும் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு இயக்கச் சொல்லுங்கள். இயங்கினால் ஸ்விச்சு நம்முடையது. இயங்காவிட்டால், நாம் பணம் கொடுத்து வாங்கியும் அது இன்னும் விற்றவருடையதே.

இவ்வாறு கீழ்ப்படியும் வகை இல்லாமற் போகவில்லை. 'மேட்டர்' என்னும் பொதுத்தரம் 2022 அக்டோபரில் வெளியாயிற்று. அதன்படி செய்த கருவிகள் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளக் கூடியவை. நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ ஆரெண்ட்ஸ் என்பவர் 'டாஸ்மோட்டா' என்னும் நிரலை எழுதி யாவர்க்கும் இலவசமாக வழங்கினார். ஈ.எஸ்.பி. சில்லுள்ள பல ஸ்விச்சுகளில் கம்பெனியின் நிரலை நீக்கிவிட்டு இதை ஏற்றினால், அயல்நாட்டுக் கம்ப்யூட்டரை எதிர்பாராமல் அவை வேலை செய்யும். 2013-இல் தொடங்கப்பட்ட 'ஹோம் அசிஸ்டெண்ட்' என்பது வீட்டுக்குள் ஒரு சிறு கம்ப்யூட்டரில் இயங்கி எல்லா ஸ்விச்சுகளையும் ஆளும் நிரல். அதன் உரிமை 2024-இல் சுவிட்சர்லாந்து நாட்டில் பதிவான இலாப நோக்கற்ற அமைப்பொன்றினிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் சங்கத்தின் காப்பு நிதியை எந்த அங்கத்தினரும் பங்கு போட்டுக்கொள்ள இயலாததுபோல, அதையும் எவரும் விற்றுவிட இயலாதபடி செய்திருக்கிறார்கள். உலகெங்கும் பலர் தம் ஓய்வு நேரத்தில் உழைத்து வளர்க்கும் இந்நிரல்களைக் காணும்போது, கூட்டுறவு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே கூட்டுறவு நடக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இவற்றை ஏற்றுவதற்குச் சிறிது கைப்பழக்கம் வேண்டும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படித்த நம் அங்கத்தினர் வீட்டு வாலிபர்களுக்கு அது பத்து நாள் வேலை. ஒரு எச்சரிக்கை மட்டும்: நிரல் ஏற்றும்போது ஸ்விச்சு மின் இணைப்பில் இருக்கவே கூடாது, உள்ளே வீட்டு மின்சாரம் திறந்தபடி ஓடுகிறது.

இப்போது, நம் வட்டாரத்தில் எல்லோரும் உடனே செய்ய நினைக்கும் காரியத்துக்கு வருகிறேன். அது மோட்டார். தண்ணீரைச் சுற்றியே வாழும் ஊர் நம் ஊர். கவலை பூட்டி எருதுகளை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தைப் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கிக் கோயம்புத்தூர்ப் பக்கம் மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. கிணற்று மேட்டுக்கும் கம்பி வந்தது. ஆயினும் மூன்று முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில், அது எந்நேரம் வருமென்று காத்திருந்து, நள்ளிரவில் கைவிளக்கோடு கிணற்றுக்கு நடந்த சிரமம் இன்றும் பலருக்கு நினைவிருக்கும். அந்நடையை நிறுத்தும் கருவி எதுவாயினும் அதை வரவேற்க வேண்டியதுதான்.

அக்கருவி நமக்குப் புதிதுமன்று. புனே நகரத்துப் பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் தம் பாட்டனார் பம்புசெட்டை இயக்க நெடுந்தூரம் நடந்து துன்புற்றதைக் கண்டு, தொலைபேசி வழியாக மோட்டாரை இயக்கும் 'நேனோ கணேஷ்' என்னும் கருவியைச் செய்தார். 2009-இல் நோக்கியா கம்பெனி நடத்திய போட்டியில் அது பரிசு பெற்றது. பின்னர்க் கோவைப் பக்கத்திலும் இத்தகைய கைபேசி ஸ்டார்ட்டர்கள் பரவின. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை இவற்றுக்கு மானியத் திட்டமும் நடத்தியிருக்கிறது. இவை சிம் அட்டை போட்டவை. மின்முனை மூன்றும் வந்திருக்கின்றனவா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து ஓடும்படி அமைத்தவை. விலை சில ஆயிரம் ஆகலாம். 'ஐந்நூறு ரூபாய் வைஃபை ஸ்விச்சு அதே வேலையைச் செய்யாதோ?' என்ற எண்ணம் எழும் இடம் இதுதான். இங்கேதான் அபாயமும் இருக்கிறது.

மலிவு ஸ்விச்சின் மேல் பத்து ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ஒரு குதிரைத்திறன் ஒற்றை முனை மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும் என்பதும் உண்மையே. ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கிறது. விளக்குக்கும் கைபேசிச் சார்ஜருக்கும் செய்த சிறு ரிலேயின் முனைகள் அவ்வேகத்தில் பொறி பறந்து, சில நாளில் ஒன்றோடொன்று பற்றி ஒட்டிக்கொள்ளும். அப்போது கைபேசியில் 'அணைந்தது' என்று காட்டும். கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் இரவு முழுதும் வெறுமனே ஓடினால் என்னவாகும் என்பதைச் சுருள் கட்டக் கொடுத்தவர்கள் சொல்லட்டும். ஸ்விச்சுப் பெட்டி உருகித் தீப்பிடிப்பதும் உண்டு. கொதிகலனுக்கும் இதே விதி. இரண்டாயிரம் வாட் என்பது ஒன்பது ஆம்பியருக்குக் கிட்ட வருகிறது. பத்து ஆம்பியர் ஸ்விச்சில் நாள்தோறும் அதைச் சுமத்தாமல், பதினாறு ஆம்பியருக்கென்று செய்த நல்ல சரக்கை வாங்க வேண்டும்.

மோட்டாரை இயக்கியே தீர வேண்டுமாயின், வைஃபை ஸ்விச்சு மோட்டாரின் மின்சாரத்தைத் தொடாமல், ஸ்டார்ட்டருக்குள்ளிருக்கும் காண்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கும்படி அமைக்க வேண்டும். பளுவைக் காண்டாக்டர் சுமக்கும். ஸ்விச்சு கட்டளையிடுவதோடு நிற்கும். அதிலும் ஒரு நுணுக்கம். நம் பக்கத்து மூன்று முனை ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் அச்சுருள் 415 வோல்ட்டில் வேலை செய்வது. வைஃபை ஸ்விச்சோ 250 வோல்ட்டுக்குள் செய்தது. சுருளை மாற்றாமலும், இடையில் தக்க ரிலே வைக்காமலும் நேரே இணைத்தால் ஸ்விச்சு போய்விடும், சமயத்தில் ஆளும் போய்விடுவார். இதை உரிமம் பெற்ற மின் பணியாளரே செய்யட்டும். ஓவர்லோடு ரிலே, முனை அறுந்தால் நிறுத்தும் கருவி, தண்ணீர் வற்றினால் நிறுத்தும் கருவி இவற்றைக் கழற்றிவிட்டு வைஃபை மாட்டுவது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதற்கு ஒப்பாகும். என் சொந்த அபிப்பிராயம், கிணற்று மோட்டாருக்கு அதற்கென்றே செய்த கைபேசி ஸ்டார்ட்டரே தக்கது. வைஃபை ஸ்விச்சு வீட்டு விளக்கோடும் விசிறியோடும் நிற்கட்டும்.

உயிர் பற்றிய ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து இயக்கும் ஸ்டார்ட்டர் உள்ள கிணற்றில் ஒருவர் பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போது, திருப்பூரிலிருக்கும் மகன் கைபேசியைத் தொட்டால் என்னவாகும்? அவனுக்குக் கிணற்று மேடு தெரியாது. திரையில் ஒரு பொத்தான்தான் தெரியும். பழைய ஸ்விச்சில் போடுபவரும் வேலை செய்பவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டனர். அந்தப் பாதுகாப்பு இப்போது இல்லை. ஆகையால் பெட்டியில் கை வைக்கும் முன் பீஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைத் தவறாத வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கைபேசியில் அணைத்திருக்கிறேன் என்ற சொல்லை நம்பி எவரும் கம்பியைத் தொட வேண்டாம்.

விசைத்தறி அங்கத்தினர்களுக்குக் கூறுவது இன்னும் கண்டிப்பானது. தறிகளை வைஃபை ஸ்விச்சால் ஓட்ட வேண்டாம். அறுந்த நூலை முடிய ஒருவர் குனிந்திருக்கும்போது, தானாகவோ தொலைவிலிருந்தோ புறப்படும் தறி, விரலைக் கேட்டுவிட்டு எடுக்காது. தறிக்கூடத்து விளக்கு, காற்றுப்போக்கி இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது ஸ்விச்சு எந்நிலையில் இருக்க வேண்டும் என்று அமைப்பதற்கு இக்கருவிகளில் ஓரிடம் உண்டு. விற்கும்போது சிலவற்றில் 'முன்பிருந்த நிலை' என்றும் சிலவற்றில் 'எரியும் நிலை' என்றும் இருக்கும். சுழலும் பொருள், சுடும் பொருள் எதுவாயினும் 'அணைந்த நிலை' என்று மாற்றிவைப்பது முதல் நாள் வேலை. ஊரெல்லாம் தானியங்கி ஸ்டார்ட்டர்கள் மின்சாரம் வந்த அதே விநாடியில் ஒன்றாகக் கிளம்பினால் டிரான்ஸ்பார்மரின் பாடு என்ன என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். சில நிமிட இடைவெளி விட்டு இயங்கும்படி வைத்தால் பக்கத்துத் தோட்டத்தாருக்கும் நன்மை.

பொருத்தும்போது வரும் சில்லறைத் தொல்லைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஸ்விச்சுகளுக்கு நியூட்ரல் கம்பி வேண்டும். பழைய வீடுகளில் சில பலகைகளில் அது இராது. பக்கத்து அறையிலிருந்து இரவல் வாங்கி இணைத்தால் கசிவுத் தடுப்பான் ஓயாமல் விழும். இவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே கேட்கும்; வைஃபைப் பெட்டியில் அது திறந்திருக்க வேண்டும். கட்டுத்தரை வரை அலை எட்டுகிறதா என்று கைபேசியைக் கையில் பிடித்து நடந்து பார்த்த பிறகே வாங்குங்கள். சுவரிலுள்ள பழைய ஸ்விச்சை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக் கைபேசி நிரல் தெரியாது.

கடவுச்சொல் விஷயம் அவ்வளவு சில்லறையன்று. 2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட காமிராக்களையும் வைஃபைப் பெட்டிகளையும் இலட்சக்கணக்கில் பிடித்து, தன் படையாக்கிக்கொண்டது. அதற்குத் தெரிந்திருந்தவை அறுபது சொச்சம் கடவுச்சொற்களே. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அப்படையைக் கொண்டு அமெரிக்காவின் பெரிய இணையத் தளங்கள் பலவற்றைப் பல மணி நேரம் முடக்கினர். செய்தவர் பகை நாட்டுச் சேனையாரா என்று கூடப் பேசப்பட்டது. அத்தீநிரலை எழுதியதாகப் பின்னர் 2017-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர்களோ மூன்று வாலிபர்கள். நம் ஸ்விச்சு அறிந்திருப்பதும் அற்பமன்று. எந்நேரம் விளக்கு எரிகிறது, எந்நாள் வீட்டில் ஆளில்லை என்பது அதன் கணக்கில் உள்ளது. பூட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகாத நாம், இச்செய்தியையும் திண்ணையில் வைக்க வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. சங்கத்தின் மூலம் வாங்கலாமா? வாங்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் முதலில் ஐந்நூறு வாங்க வேண்டாம், நான்கு வாங்குங்கள். நான்கு கம்பெனிச் சரக்கில் ஒவ்வொன்று. சங்க அலுவலகத்தின் வாசல் விளக்கு, கிடங்கு விளக்கு, மின்விசிறி இவற்றில் மாட்டி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓடட்டும். எது எத்தனை முறை இணைப்பை இழந்தது, எது இண்டர்நெட் இல்லாதபோதும் கீழ்ப்படிந்தது, எது சூடேறியது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்நோட்டைப் பொதுக்குழுவின் முன் வைத்த பிறகு விலைப்புள்ளி கோரலாம். நூலும் உரமும் மொத்தமாக வாங்கும்போது மாதிரி பார்க்காமல் வாங்குகிறோமா? மொத்தமாக வாங்குவோருக்கு விலை குறைவதைவிடப் பெரிய நன்மை ஒன்றுண்டு. தனி ஒருவர் கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லாத கேள்விகளுக்கு, இருநூறு அங்கத்தினர்களின் பெயரால் கேட்கும்போது எழுத்து மூலம் பதில் கிடைக்கும். உள்ளூரிலேயே கட்டுப்படுத்தும் வசதி, ரிலேயின் உண்மையான தாங்குதிறன், பழுதானால் மாற்றித் தரும் காலம் ஆகிய மூன்றையும் கொள்முதல் ஆணையில் எழுதி வாங்குங்கள்.

விளக்கு ஸ்விச்சுக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்று ஒரு சங்கத்தில் தீர்மானம் கொண்டுவர உத்தேசித்ததாகக் கேள்விப்பட்டேன். அது வேண்டாதது. ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்குக் கடன் மனு, ஜாமீன், வட்டிக் கணக்கு என்று எழுதும் காகிதச் செலவே கூடுதலாகும். கைபேசி ஸ்டார்ட்டர் வேறு விஷயம். அதற்கு மானியம் நடப்பில் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகே வாங்க வேண்டும். வாங்கிவிட்டுப் பில்லோடு சென்றால் பொதுவாகக் கிடைப்பதில்லை.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒரு சிக்கல். இக்கருவிகளைப் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளே அமைக்கின்றனர். கணக்கு அவர்களுடைய கைபேசி எண்ணில் இருக்கும். பிள்ளை வேலைக்காக வெளிநாடு சென்று எண்ணை மாற்றிவிட்டாலோ, மகளுக்கு மணமாகி வேறு ஊர் சென்றாலோ, வீட்டிலிருப்பவரால் மாலை விளக்கின் நேரத்தைக்கூட மாற்ற முடிவதில்லை. சங்கத்திலும் எழுத்தர் மாறினால் இதே நிலைதான். ஆகவே கணக்கின் பெயர், கடவுச்சொல், ஒவ்வொரு ஸ்விச்சும் எந்த விளக்குக்கு என்ற விவரம், பொருத்திய மின் பணியாளரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் தெளிவாகத் தமிழில் எழுதி, பட்டாவும் மின் இணைப்பு அட்டையும் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.